மதியச் செய்தியில் வந்த வாக்குமூலம்

லிஃப்ட்காரர் தலையை ஆட்டிவிட்டார். போன வாரம் கதையை நிறுத்தியபோது, அவர் வீட்டுச் சமையலறையில் நாம் கடைசியாகப் பார்த்தது அதைத்தான்.

"என் கவனக்குறைவாலதான் லிஃப்ட் விழுந்துச்சுன்னு நாளைக்குக் கோர்ட்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க அத்தான். அத்தோட பீடை விட்டுச்சு" என்று அவருடைய வக்கீல் மச்சினன் சொல்ல, இவர் ஆட்டினார். அது சம்மதமா கழுத்து வலியா என்று எங்கள் தெருவில் இரண்டு கட்சி. நான் சம்மதக் கட்சி. மனுஷன் முகம் அப்படி இருந்தது.

புதிதாக வந்து உட்காருபவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை. அரசு அலுவலகம் ஒன்றில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் இவர். கம்பி வடம் நைந்திருப்பதைப் பார்த்துவிட்டு லிஃப்டை நிறுத்தினார். 'பழுது' என்று போர்டு மாட்டினார். அந்த லிஃப்டை நிறுவிய ஒப்பந்ததாரர் அமைச்சருக்குச் சகலை. அதிகாரிகள் படியேறி மூச்சு வாங்குகிறார்கள் என்று அந்த ஒப்பந்ததாரரின் ஆள் வந்து போர்டைக் கழற்றி, லிஃப்டை ஓடவிட்டான். முதலில் ஏறியது ஒரு டைப்பிஸ்ட் அம்மா. இரண்டாம் மாடியிலிருந்து விழுந்ததில் இடுப்பு போயிற்று.

போர்டை மாட்டியவர் மேல் வழக்கு. கழற்றச் சொன்னவர் அரசுத் தரப்புச் சாட்சி.

வழக்கு ஆரம்பித்தபோது லிஃப்ட்காரர் மகள் பாப்பா பள்ளிக்கூடப் பை சுமந்துகொண்டிருந்தாள். இப்போது டி.வி. சேனலில் செய்திகளுக்குப் பின்னணிக் குரல் கொடுக்கிறாள். நடுவில் நீதிபதிகள் மாறினார்கள், கட்டடம் மாறியது, வழக்குக் கட்டுகள் ஒரு அலமாரியிலிருந்து இன்னொரு அலமாரிக்குப் போய்த் தொலைந்து திரும்பக் கிடைத்தன. வாய்தா மட்டும் மாறாமல் விழுந்தது. குற்றச்சாட்டை வாசித்து, 'ஒப்புக்கொள்கிறாயா, இல்லையா' என்று கேட்கவேண்டுமே, அந்த முதல் படிக்கே இத்தனை காலம் கழித்து இன்றைக்குத்தான் நேரம் கிடைத்திருக்கிறது.

ஏன் இன்றைக்கு? கோர்ட் கட்டடத்துக்குப் புது லிஃப்ட் வந்திருக்கிறது. நிறுவியவர் அதே சகலை. திறந்து வைப்பவர் அதே அமைச்சர். 'விழுந்த லிஃப்டும் இவருடையதுதானே' என்று யாராவது கேட்டுவைத்தால்? அதற்குத்தான் அதே நாளில் ஒரு குற்றவாளி தேவைப்பட்டார்.

வக்கீல் மச்சினன் நீட்டிய தூண்டிலில் இருந்தது பாப்பா. இவர் ஒப்புக்கொண்டால் சின்ன அபராதத்தோடு விட்டுவிடுவார்கள். பாப்பாவைக் குரலோடு நிறுத்தாமல் திரையிலேயே உட்காரவைத்து மாலைச் செய்தி வாசிக்கச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் அவளுக்கு அந்தச் சேனலில் இனி வேலை இல்லை. சேனல் அமைச்சரின் மருமகனுடையது.

பாப்பாவிடம் இதை யாரும் சொல்லவில்லை.

அவள் அம்மாவுக்கு எங்கள் தெரு வைத்திருக்கும் பெயர் மைக்கம்மா. தண்ணீர் லாரி வந்தால் அந்த ஒரு குரலிலேயே மூன்று தெருக்கள் குடத்தோடு வெளியே வரும். அப்பேர்ப்பட்டவர் புருஷன் தலையாட்டிய நிமிஷத்திலிருந்து வாயே திறக்கவில்லை. காலையில் பூட்டைப் பூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பும்போதும் மௌனம். துணைக்கு நானும் போனேன். வேடிக்கை பார்க்கப் போனதாகச் சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

*

அதே காலையில் பாப்பா ஒலிப்பதிவு அறையில் இருந்தாள். அங்கே நடந்ததை அவளே பிறகு சொன்னாள். நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

அந்தச் சேனலில் மதியச் செய்திக்கான குரலைக் காலையிலேயே பதிந்துவிடுவது வழக்கம். அமைச்சர் பேசப்போகும் கூட்டத்துக்கு 'மக்கள் வெள்ளம் திரண்டது' என்று பாப்பா காலைத் தேநீருக்கு முன்பே பேசி முடித்துவிடுவாள். வெள்ளம் பிறகு வந்தால் சரி. வராவிட்டால் போன வருஷத்து வெள்ளத்தின் படம் இருக்கவே இருக்கிறது.

குரல் கொடுப்பவர்கள் தாளில் அர்த்தத்தைப் பார்ப்பதில்லை. மூச்சைப் பார்க்கிறார்கள். எங்கே நிறுத்தலாம், எந்த வார்த்தையை அழுத்தலாம் என்று பென்சிலால் சின்னச் சின்னக் கோடு போட்டுக்கொண்டு, வாயைத் தாளிடம் ஒப்படைத்துவிடுவார்கள். மனசு வேறு எங்காவது இருக்கும். பாப்பாவின் மனசு அன்று கோர்ட்டில் இருந்தது. அப்பா காலையில் சாப்பிட்டாரா, முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டாரா என்று யோசித்தபடியே வாசித்தாள்:

'அரசு அலுவலக லிஃப்ட் விபத்து வழக்கில், மெக்கானிக் இன்று நீதிமன்றத்தில் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இதன்மூலம் ஒப்பந்ததாரர் மீது எந்தத் தவறும் இல்லை என்பது உறுதியானது.'

'உறுதியானது' என்பதன் அடியில் கோடு போட்டிருந்தாள். அதை நன்றாக அழுத்தினாள். ஒலிப்பதிவுக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

தேநீர்க் கோப்பையை வாயருகே கொண்டுபோனபோதுதான் அவள் வாய் சொன்னது அவள் காதுக்கு வந்து சேர்ந்தது.

கோப்பையை வைத்துவிட்டுச் செய்தி ஆசிரியர் அறைக்கு ஓடினாள்.

"சார், அந்த லிஃப்ட் நியூஸ். கோர்ட் இன்னும் கதவே திறக்கல."

"தெரியும்மா."

"அப்புறம் எப்படி ஒப்புக்கிட்டாருன்னு போடறது?"

"ஒப்புக்கிட்டதுக்கு அப்புறம் போட்டா அது பழைய செய்தி. எல்லா சேனல்லயும் வந்துடும்."

"ஒப்புக்கலைன்னா?"

"ஒப்புக்குவாரு. மேல இருந்து சொல்லிட்டாங்க."

சேனலுக்கு மேல் மாடியில் இருப்பது ஒரு பல் டாக்டர். அவர் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

"சார், அவரு எங்கப்பா."

ஆசிரியர் அப்போதுதான் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினார். "அப்படியா? வீட்லயே சோர்ஸ வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலையேம்மா நீ" என்றார். மனக்குறையோடுதான் சொன்னார்.

"அழிச்சிடுங்க சார். நான் பேசினது, நானே சொல்றேன்."

"நீ பேசினது சேனல் சொத்து. சாயங்காலம் உன்னை ஸ்கிரீன்ல உட்கார வைக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. இந்த நேரத்துல அழி கிழின்னுட்டு. போய் மேக்கப் டெஸ்ட் குடு."

திரையில் உட்கார அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காத பரிசு எதற்கு வருகிறது என்று புரிந்துகொள்ள அவளுக்கு மேக்கப் அறை வாசல் வரைக்கும்கூட நடக்க வேண்டியிருக்கவில்லை. அப்படியே திரும்பி வெளியே வந்துவிட்டாள்.

அப்பாவை அழைத்தாள். கோர்ட் மதில் கண்ணில் பட்டதுமே போனை அணைத்துவிடுவார் அவர். அம்மாவின் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. வக்கீல் மாமாவை அழைத்தாள்.

"மாமா, அப்பா இன்னைக்கு என்ன சொல்லப்போறாரு?"

"பாப்பா, நான் கோர்ட்ல இருக்கேன். அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

ஆட்டோ பாதி வழியில் நின்றுவிட்டது. அமைச்சர் வருவதற்காகச் சாலையை அடைத்திருந்தார்கள். நீதியை மக்களிடம் கொண்டுசெல்ல வந்தவருக்காக மக்கள் ஓரமாக நின்றார்கள். பாப்பா இறங்கி நடந்தாள்.

*

கோர்ட் வாசலில் ஏக தடபுடல். புது லிஃப்டின் கதவுக்குக் குறுக்கே ரிப்பன். நீதிபதிகள் எல்லோரும் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அமைச்சருக்குப் பக்கத்து நாற்காலியில் சகலை.

"நீதி இனி நான்காவது மாடியில் இருக்காது. ஒரு பட்டனை அழுத்தினால் உங்கள் கையில் இருக்கும்" என்று அமைச்சர் பேசினார். கைதட்டினார்கள். ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தார். மறுபடி கைதட்டினார்கள். கார்கள் கிளம்பின. கடைசிக் கார் வாசலைத் தாண்டியதும் காவலாளி லிஃப்டைப் பூட்டிவிட்டார்.

"ஏம்ப்பா, இப்பதானே தொறந்தாங்க?" என்றேன்.

"திறப்பு விழாதாம்மா முடிஞ்சிருக்கு. உபயோகத்துக்குத் தனியா உத்தரவு வரணும்" என்றார் அவர்.

சகலை கிளம்பும்போது எங்களைத் தாண்டித்தான் போனார். வக்கீல் மச்சினனின் தோளில் கையைப் போட்டு, "என்ன, அரசு வக்கீல் சார், எல்லாம் சரியா போகுதில்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார். வக்கீல் மச்சினன் இன்னும் அரசு வக்கீல் ஆகவில்லை. அக்கா பக்கம் பார்க்காமல் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தார். மைக்கம்மா தம்பியையே பார்த்தார்.

கோர்ட்டில் பேர் கூப்பிடும் டவாலி வந்து, நீதிபதிகளுக்கு விருந்து இருக்கிறதாம், வழக்கெல்லாம் மதியத்துக்கு மேல்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். முனகியபடி கூட்டம் கலைந்தது.

அப்போதுதான் அந்த டைப்பிஸ்ட் அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். வேலையை விட்டு வருஷங்கள் ஆகின்றன. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவார். மூச்சிரைக்க நான்கு மாடி ஏறுவார், வாய்தா என்பார்கள், இறங்குவார். நேராக லிஃப்ட்காரர் முன்னால் வந்து நின்றார்.

"ஒத்துக்கப்போறீங்களாமே?"

"யாரும்மா சொன்னா?"

"ரிப்பன் கட்டின பையன்ல இருந்து எல்லாருக்கும் தெரியுது. எனக்குத்தான் கடைசியா." கைத்தடியை மாற்றிப் பிடித்தார். "அப்ப என் இடுப்ப ஒடிச்சது நீங்கதான்னு முடிவாயிடும். ஒடிச்சவன் அமைச்சர் பக்கத்துல உட்கார்ந்து தண்ணி குடிச்சுட்டுப் போறான்."

"பொண்ணு வாழ்க்கைம்மா" என்றார் லிஃப்ட்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே.

"உங்களுக்குப் பொண்ணு வாழ்க்கை. எனக்கு இந்தப் படி. நான் இத்தனை வாட்டி ஏறி இறங்கினது உங்களை மாட்டிவிடறதுக்குன்னா நெனச்சீங்க? அந்த போர்ட நான் பார்த்தேன் சார். முந்தின நாள் பார்த்தேன். மறுநாள் இல்ல, சரி பண்ணிட்டாங்கன்னு ஏறினேன். இதைச் சொல்லத்தான் வந்துட்டே இருக்கேன். எவன் கேட்கறான்?"

வக்கீல் மச்சினன் நடுவில் புகுந்தார். "அம்மா, சாட்சி எல்லாம் கட்சிக்காரர்கிட்ட பேசக்கூடாது. சட்டம் இருக்கு."

"சட்டத்த நாலாவது மாடியில வச்சிருக்கீங்க. நான் இன்னும் கீழதான் நிக்கறேன். பேசிக்கறேன்."

லிஃப்ட்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மதிலோரத்துத் தேநீர்க் கடைப் பக்கம் நடந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

*

கடையில் ஒரு சின்ன டி.வி. ஏதோ பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. மைக்கம்மா அன்றைக்கு முதல்முறையாக வாய் திறந்தார். "செய்தி போடுப்பா. எம் பொண்ணு பேசுவா."

பெஞ்சிலிருந்த நாலைந்து பேர் முணுமுணுத்துக்கொண்டே இடம் விட்டார்கள். கடைக்காரர் மாற்றினார்.

முதலில் லிஃப்ட் திறப்பு விழா. அமைச்சர் பட்டனை அழுத்தும் படம். பின்னால் பாப்பாவின் குரல், வழவழவென்று. மைக்கம்மா பக்கத்திலிருந்தவரிடம், "எங்க வீட்ல எல்லாருக்கும் நல்ல தொண்டை. இவளுக்கு மட்டும்தான் சம்பளம் குடுக்கறாங்க" என்றார்.

அடுத்த செய்தி. படத்தில் பழைய லிஃப்டின் நசுங்கிய கதவு.

'மெக்கானிக் இன்று நீதிமன்றத்தில் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.'

மைக்கம்மாவின் கையில் கிளாஸ் அப்படியே நின்றது.

'உறுதியானது' என்று குரல் அழுத்தி முடித்தபோது பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. கடைக்காரர் அதைக் கவனிக்காமல் லிஃப்ட்காரரைப் பார்த்தார். இத்தனை வருஷ வாய்தாவில் இவர் யாரென்று அவருக்குத் தெரியாதா என்ன.

"அண்ணே, நீங்க இன்னும் உள்ளயே போகலையே" என்றார்.

"போகல" என்றார் லிஃப்ட்காரர்.

"அப்ப ஒப்புக்கிட்டது யாரு?"

பெஞ்சில் ஒருவர் தும்முவது போலச் சிரித்தார். வக்கீல் மச்சினன் தொண்டையைச் செருமினார். "அது ஒண்ணுமில்ல அத்தான். கொஞ்சம் முந்திட்டாங்க. எப்படியும் சொல்லத்தானே போறோம். இப்ப போய் அதையே சொல்லிட்டா ரெண்டும் சரியாயிடும்."

விருந்து முடிய நேரமாகாமல் கோர்ட் சொன்ன நேரத்துக்குக் கூடியிருந்தால் இந்தப் பொய் யாருக்கும் தெரியாமலே நிஜமாகியிருக்கும். நம் நீதிமன்றங்களின் தாமதத்தால் ஒரு நன்மை நடந்து நான் பார்த்தது இந்த ஒரு தடவைதான்.

பாப்பா வந்து சேர்ந்தாள். முகமெல்லாம் வேர்வை. ஒரு செருப்பின் வார் அறுந்து கையில் இருந்தது. டி.வி.யைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"போட்டுட்டாங்களா?"

"நீயா பேசினே?" என்றார் லிஃப்ட்காரர்.

"நான்தாம்ப்பா. காலைல. என்ன பேசறோம்னு தெரியாமயே பேசிட்டேன். அழிக்கச் சொன்னேன், அழிக்கல." மூச்சு வாங்கியது. "நீங்க சொல்லப்போறது நிஜந்தானா?"

அவர் கையிலிருந்த கிளாஸையே திருப்பிக்கொண்டிருந்தார்.

"எனக்காகவா?"

"உன் பேரு கெட்டுடக்கூடாது. ஸ்கிரீன்ல வருவே. உங்கம்மாவுக்கும் ஒரு ஆசை."

"என்னை ஏம்ப்பா யாரும் கேட்கல?" கத்தவில்லை அவள். கத்தியிருந்தால் தேவலை. "சாயங்காலம் நான் ஸ்கிரீன்ல உட்கார்ந்து முதல்ல என்ன படிக்கணும் தெரியுமா? இதையேதான். எங்கப்பன் குத்தவாளின்னு முகத்த காட்டிப் படிக்கணும். காலைல நான் தெரியாம ஒரு பொய் சொன்னேம்ப்பா. நீங்க தெரிஞ்சே போய் அத நிஜமாக்கப் போறீங்களா?"

"பாப்பா, கோர்ட் விஷயம் உனக்குப் புரியாது" என்றார் வக்கீல் மாமா. "இப்ப பின்வாங்கினா மறுபடி வாய்தா, மறுபடி அலைச்சல். அப்பாவுக்கு முழங்கால் வேற."

"நீ சும்மா இருடா" என்றார் மைக்கம்மா.

நேற்று ராத்திரியிலிருந்து அடக்கிவைத்தது. கோர்ட் மதிலில் உட்கார்ந்திருந்த காக்கை எழுந்து பறந்தது.

"இவ சம்பளத்தில நான் ஒரு நாளும் கைய வச்சதில்ல. இவ அப்பன் மானத்த வித்து இவளுக்கு வேலையா? நானும் நேத்து பொண்ணுக்குன்னதும் வாய மூடிக்கிட்டேன், எம் புத்திய சொல்லணும்." புருஷன் பக்கம் திரும்பினார். "என்னங்க, நேத்து தலையாட்டினீங்களே. அதையே இன்னைக்குக் கொஞ்சம் மாத்தி ஆட்டினா போதும். மேலிருந்து கீழ வேணாம். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்."

லிஃப்ட்காரர் கிளாஸை பெஞ்சில் வைத்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது மேலேயிருந்து டவாலி அவர் பெயரைக் கூப்பிட்டார்.

*

நான்கு மாடி. லிஃப்ட் பூட்டு தொங்கிக்கொண்டு பளபளவென்று நின்றது. எல்லோரும் படியேறினோம். லிஃப்ட்காரர் ஒரு பக்கம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மறு பக்கம் டைப்பிஸ்ட் அம்மாவுக்குக் கை கொடுத்தார். குற்றம் சாட்டப்பட்டவரும் பாதிக்கப்பட்டவரும் கைகோத்துக்கொண்டு ஏறுவதைப் பார்த்து ஒரு போலீஸ்காரர், யார் எந்தத் தரப்பு என்று குழம்பி ஓரமாக நின்றுவிட்டார்.

நீதிபதிக்கு விருந்தின் மயக்கம் இன்னும் கலையவில்லை. குற்றச்சாட்டை வாசித்தார்கள். பழுதான லிஃப்டைக் கவனக்குறைவாக இயக்கி, ஒருவருக்குப் படுகாயம் ஏற்படக் காரணமாக இருந்தது.

"குற்றத்தை ஒத்துக்கறீங்களா?" பேனா தயாராக இருந்தது. எழுதவேண்டிய பதில் அவருக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது என்பது அவர் பேனாவைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

கூண்டில் லிஃப்ட்காரர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தார். பாப்பாவைப் பார்த்தார். அவள் ஒரு செருப்போடு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இல்லீங்க ஐயா" என்றார்.

பேனா நின்றது.

"என் தப்பு இல்ல. நான் நிறுத்தினேன். போர்டு மாட்டினேன். எடுத்தது யாரு, எடுக்கச் சொன்னது யாருன்னு சொல்றேன். விசாரிங்க. எத்தனை வருஷம் ஆனாலும் வர்றேன்."

நீதிபதி கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார். "உங்க வக்கீல் வேற மாதிரியில்ல சொல்லியிருந்தாரு. நீங்க ஒத்துக்கிட்டதா மதியம் டி.வி.யிலயும் வந்துச்சே, நானே பார்த்தேன்."

"நானும் பார்த்தேங்க ஐயா. கீழ டீக்கடையில நின்னு. நான் என்ன சொன்னேன்னு அப்பதான் எனக்கே தெரிஞ்சுது."

பின் வரிசையில் சிரிப்புச் சத்தம். டவாலி அதட்டினார். அவரும் சிரித்துக்கொண்டுதான் அதட்டினார்.

அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, ஊடகத்தில் வருவதற்கெல்லாம் நீதிமன்றம் பொறுப்பல்ல, அதைப் பற்றி இங்கே பேசத் தேவையில்லை என்றார்.

"தேவை இருக்குங்க" என்று ஒரு குரல் வந்தது.

அறை முழுக்கத் திரும்பியது. முகம் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் குரலை அங்கிருந்த ஒவ்வொருவரும் வீட்டில், கடையில், பஸ் நிலையத்தில் தினமும் கேட்கிறார்கள். ஒரு போலீஸ்காரர் தன்னையறியாமல் சுவரில் டி.வி.யைத் தேடினார்.

பாப்பா எழுந்து நின்றிருந்தாள்.

"ஐயா, மதியம் நீங்க கேட்ட குரல் என்னோடது. எங்கப்பா ஒப்புக்கிட்டாருன்னு நான் பேசினது காலைல. அப்ப இந்தக் கோர்ட் ஆரம்பிக்கவே இல்ல. எழுதிக் குடுத்தாங்க, படிச்சேன். அது பொய். இத நான் எங்க வேணாலும் சொல்வேன்."

நீதிபதி பேனாவை மேஜையில் வைத்தார். "இதனால உங்க வேலைக்கு என்ன ஆகும்னு யோசிச்சீங்களாம்மா?"

"அத எனக்குப் பதிலா நேத்தே எல்லாரும் யோசிச்சு வச்சிருந்தாங்க. இது நானா யோசிச்சது."

டைப்பிஸ்ட் அம்மா கைத்தடியால் தரையை ஒருமுறை தட்டினார். அது கைதட்டலா, கைத்தடி நழுவியதா என்று யாரும் கேட்கவில்லை.

நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். மயக்கம் போய்விட்டிருந்தது. அவருக்கும் கோபம் இருக்கலாம். தான் கேட்கப்போகும் கேள்விக்கான பதிலைத் தனக்கு முன்னால் ஒரு டி.வி.க்காரன் தெரிந்துவைத்திருந்தால் யாருக்குத்தான் இருக்காது. 'குற்றத்தை மறுத்தார்' என்று அவர் மெதுவாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். இத்தனை வருஷ வழக்கில் லிஃப்ட்காரர் தன் வாயால் சொன்ன ஒன்றை யாரோ எழுதிக்கொண்டது அதுதான் முதல்முறை. அவர் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு நேராக நின்றார்.

"வக்கீல் சார்" என்றார் நீதிபதி. "உங்க கட்சிக்காரர் இன்னைக்கு என்ன சொல்லப்போறாருன்னு காலைலயே சேனலுக்குத் தெரிஞ்சிருக்கு. அவரு சொல்லல. அவர் பொண்ணுக்கே தெரியல. யார் சொன்னாங்க?"

வக்கீல் மச்சினன் எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "கனம் நீதிபதி அவர்களே, இது சம்பந்தமாத் தகவல் திரட்டிச் சமர்ப்பிக்க எனக்கு ஒரு அவகாசம்..."

"யார் சொன்னாங்கன்னு சொல்ல என்ன அவகாசம்? நான் உட்கார்ந்திருக்கேன். சொல்லுங்க."

பின் வரிசையில் மைக்கம்மா எழுந்து நின்றார். அம்மா செத்த பிறகு அந்தத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். தன் வளையலை அடகு வைத்துச் சட்டம் படிக்கவைத்தவர். அவர் வாயைத் திறந்தால் அறை அதிரும் என்று டவாலி கையை உயர்த்திக்கொண்டு தயாராக நின்றார்.

மைக்கம்மா கத்தவில்லை. பெஞ்சுகளைத் தாண்டி நடந்துபோய், கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"கேட்கறாரில்ல, சொல்லுடா" என்றார், தாழ்ந்த குரலில். "நானும் அதைத்தான் கேட்கறேன்."

வக்கீல் நீதிபதியைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார்.